கீழ்ப்பக்கத்துக் கை

சாயங்காலம் ஏழரை மணி. ஜூலை மாதம், இன்னும் இருட்டாத நேரம். அணைக்குக் கீழே, ஓக் மரக் காட்டுக்குள் இறங்கிப் போகிற சரளை ரோடு... கடைசி வீட்டைத் தாண்டினால் அப்புறம் ஒரு விளக்கும் கிடையாது. அந்த ரோட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டி. உள்ளே இரண்டு பெண்கள்.

நம்ம ஹார்லன் இருக்கிறானே, இன்றைக்கு வரவில்லையே... அவனுடைய அம்மா லொரீன் ஒருத்தி. மாமன் மனைவி நடீன் இன்னொருத்தி. இது நடீனுக்கு நடந்தது.

அவள் புருஷன் ராய்ஸ் ஏப்ரலில் செத்துப்போனான். சமையலறையில் காப்பி ஊற்றிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். அவ்வளவுதான். நடீன் அழவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கோழியையும் பீன்ஸையும் டப்பா டப்பாவாக ஃபிரீசரில் அடுக்கினாள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது அவளுக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

லொரீன்தான் வம்பாக இழுத்துக்கொண்டு வந்தாள். "வீட்டுக்குள்ளயே கிடந்து புழுங்காதீங்க அண்ணி. உங்க தூண்டிலைக் காணாம ட்ரவுட் மீனெல்லாம் கொழுத்துப்போய்க் கிடக்கும்."

"உன்னைவிடவா?" என்றாள் நடீன். ஆனால் சிரிக்கவில்லை.

ஆறு அன்றைக்கு வற்றிக் கிடந்தது. முழங்கால் அளவுகூட இல்லை. மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் அக்கரைச் சரளைத் திட்டுக்கு நடந்தே போய்விட்டார்கள். போவது சுலபம். டவுனில் புழுக்கம் தாங்காமல் எல்லாரும் ஏசியைப் போட்டால் அணையில் கரண்டு எடுக்கிற மெஷினை ஓட்டுவார்கள். சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறும். ஏறிவிட்டால் யாரும் தனியாகக் கடப்பதில்லை. கை கோத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். கனமான ஆள் நீர் வரும் பக்கம். மெலிந்த ஆள் கீழ்ப்பக்கம், அவருடைய மறைப்பில். லொரீன் மேலே, நடீன் கீழே. வருஷக்கணக்காக அப்படித்தான்.

லொரீன் வளைவுக்கு அந்தப் பக்கம் மேல்மடுவுக்குப் போனாள். நடீன் திட்டிலேயே நின்றாள். சேவல் இறகில் கட்டிய பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் மாட்டி வீசினாள், இழுத்தாள், மறுபடி வீசினாள். அணையின் அடித்தண்ணீர் ஐஸ் மாதிரி. வெக்கைக் காற்று பட்டதும் ஆற்றின் மேல் பனிப்புகை எழும்பியது. முதலில் கணுக்கால் உயரம்... பிறகு இடுப்பு உயரம்...

சங்கு ஊதியது.

கேட்டது அவளுக்கு. எதிரே ஒரு தட்டைக்கல் இருந்தது. அது நனைந்தால் கிளம்ப வேண்டும். கல் நனைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பத் தோன்றவில்லை. பயமும் தோன்றவில்லை. மறுபடி வீசினாள். பெரிய மீன் ஒன்று கவ்வியது. தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடி, பட்டென்று அறுந்தது. அப்போதுதான் கவனித்தாள்... ஆற்றின் சத்தம் நின்றுபோயிருந்தது. குறைந்த தண்ணீர்தான் கல்லில் தட்டிச் சளசளக்கும். ஏறின தண்ணீர் பேசாது.

கல்லைக் காணோம்.

"லொரீன்!" என்று கத்தினாள். எங்கு பார்த்தாலும் வெள்ளை. இன்னும் நின்றால் திட்டும் முழுகிவிடும். தனியாகவே இறங்கினாள். தொடை வரை. இடுப்பு வரை. பூட்ஸுக்கு அடியில் சரளை உருண்டது. ஒரு கால் வழுக்கியது...

இடது கையை யாரோ கோத்துக்கொண்டார்கள்.

நனைந்த கம்பளி வாடை. குளத்தடிச் சேற்று வாடை.

"எங்கடி போன?" என்றாள் நடீன். "மேல்பக்கம் வா. நீதானே குண்டு. என்னை இந்தப் பக்கம் விடு."

கை நகரவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டது. லொரீன் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தாள். தண்ணீரின் இழுப்பு இப்போது முழுக்க நடீன் மேல்தான். விலாவில் இடித்தது. வலக்கையிலிருந்த தூண்டில் கோலை ஊன்றி, ஒவ்வோர் அடியாக வைத்தாள். முகம் தெரியாத அந்தப் புகைக்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உன் அண்ணன் போனதுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே தெரியல லொரீன். அவர் சட்டையை மோந்து பார்த்தேன். துணி... அவ்வளவுதான். பசிக்கல. வலிக்கல. இப்ப கல் முழுகினதை நின்னு வேடிக்கை பார்த்தேன்டி..."

கை அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டது. மெல்லிய கை. எலும்பு குத்தியது.

எதிரே புகைக்குள் மஞ்சளாக இரண்டு வெளிச்சம். வண்டி விளக்கு. ஹாரன் விடாமல் அடித்தது.

"அண்ணி! அண்ணி! எங்க இருக்கீங்க? நான் சங்கு ஊதினதுமே மேல கடந்து வந்துட்டேன்! நீங்க முன்னாடியே ஏறியிருப்பீங்கன்னு..."

லொரீனின் குரல். கரையிலிருந்து.

நடீன் நின்றாள். ஆற்று நடுவில், மார்புத் தண்ணீரில். இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உதறிவிட்டிருக்கலாம். உதறினால் என்ன ஆகும் என்று தெரிந்தது. அதன் கால் தரையில் பாவவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. விட்டால் ஆற்றோடு போய்விடும்.

"சரி," என்றாள். "பிடிச்சுக்க."

கூட்டிக்கொண்டு வந்தாள்.

லொரீன் முழங்கால் தண்ணீர் வரை ஓடிவந்தாள். ஒரு கையால் அண்ணியின் தோளைப் பற்றினாள். இன்னொரு கையை இடுப்பைச் சுற்றிப் போடப் போனவள்... வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எதில் பட்டது என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. நடீன் வண்டியில் ஏறினாள். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த ஜூலைப் புழுக்கத்தில் லொரீன் ஹீட்டரைப் போட்டாள்.

மறுநாள் லொரீன் போனில் அழுதாள். "பாஸ்டரை வரச் சொல்லட்டுமா அண்ணி?"

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கு."

விடவில்லை லொரீன். செப்டம்பரில் மெஷின் ஓடாத நாளாகப் பார்த்து, பட்டப்பகலில், நடீனை அதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொண்டுவந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். கணுக்கால் தண்ணீர். நடீன் சொன்னபடி அக்கரைக்கு நடந்தாள். திட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தாள்.

"போயிடுச்சா?" என்றாள் லொரீன், வண்டியை விட்டு இறங்காமலே.

"என்கூட ஆத்துல இறங்கவே இல்லையே. இங்கயேதான் நிக்குது. தண்ணியைப் பார்த்தா நடுங்குது, பாவம்."

லொரீன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

போன வாரம் ஹார்லன் போயிருக்கிறான். நல்ல மத்தியானம். தகிக்கிற வெயில். கொல்லைக் கொடியில் ஒரே ஒரு தலையணை தொங்கியது. சொட்டிக்கொண்டிருந்தது. கீழே புல் நனைந்து, பொடிச் சரளை சிதறிக் கிடந்தது. நடீன் தலையணையைத் திருப்பிப் போட்டுக் கிளிப் மாட்டினாள்.

"தினமும் போடுறேன். காயவே மாட்டேங்குது," என்றாள்.

"பயமா இல்லையா அத்தை?"

கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாளாம்.

"கட்டில்ல அந்தப் பக்கம் சில்லுன்னு இருக்கு. அதுக்கு முன்னாடியும் அப்படித்தானேடா இருந்துச்சு."

வீட்டுப் பின்பக்கம் வலைக்கதவு திறந்தது. ஸ்பிரிங் கிரீச்சென்றது. கதவு படீரென்று சாத்திக்கொண்டது. படியில் யாரும் இல்லை.

நடீன் திரும்பவில்லை. கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மெதுவா சாத்துன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள்.

ஹார்லனிடம் இல்லை.