முதலில் யார் டிம் செய்வது

ராத்திரி பதினொரு மணி இருக்கும். ஆள் அரவமே இல்லாத ஆற்றுப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம்... நம் நண்பனின் சித்தப்பா தனியாகக் காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பட்டப்பெயர் ‘டிம் மாஸ்டர்’. எதிரே வண்டி வந்தால் முதலில் நாம்தான் விளக்கைத் தாழ்த்தி வழிவிட வேண்டும் என்று, கற்றுக்கொள்ள வருபவர்களின் உயிரை எடுத்துவிடுவார். கட்டிய மனைவியைக்கூட விட்டதில்லை.

“எப்பவும் நானேதான் டிம் பண்ணணுமா? எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு இல்லையா?” என்று சித்தி மல்லுக்கு நிற்பாள்.

“இந்த வீம்பெல்லாம் வீட்டுல வச்சுக்கோ. ரோட்டுல ஆகாது.”

அன்றைக்கு அக்கரையில் ஒரு ஹைபீம் வெளிச்சம். கண்ணைக் குத்தியது. மாஸ்டர் வழக்கம்போல இக்கரையிலேயே ஓரங்கட்டி டிம் செய்தார். அந்தக் கார் வந்தது... மெதுவாக. எஞ்சின் சத்தமே இல்லை. ஈரத்துணி மக்கிய வாடை. கடக்கும்போது நன்றி சொல்வதுபோல இரண்டு முறை விளக்கை மினுக்கியது. உள்ளே இருந்தவன் அழுதுகொண்டிருந்தான்.

அவ்வளவுதான். மாஸ்டரின் எஞ்சின் நின்றது. சாவியைத் திருகினால் ‘டிக்’... வேறொன்றும் இல்லை. கதவு திறக்கவில்லை. கண்ணாடியைக் குத்தினார், கைதான் வீங்கியது. எதிரே வண்டி வரும்போதெல்லாம் அவருடைய ஹைபீம் தானாக எரிந்தது. வந்தவர்களும் ஹைபீமிலேயே சீறிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட வழிவிடவில்லை. யாராவது வழிவிட்டால்தான் தனக்கு விடுதலை, விட்டவர் இங்கே மாட்டிக்கொள்வார்... அந்த அழுதவன் ஏன் நன்றி சொன்னான் என்று அப்போதுதான் புரிந்தது.

விடியப்போகிற நேரம். அக்கரையில் ஒரு கார். இடது விளக்கு கொஞ்சம் கோணல். அவருடைய ஸ்கூல் கார்! ஆளைக் காணோமே என்று சித்தி தேடி வந்துவிட்டாள்.

“வேணாம்டி! டிம் பண்ணாத... இந்த ஒரு தடவை மட்டும் பண்ணாத!” தொண்டை கிழியக் கத்தினார்.

கோணல் விளக்கு தாழ்ந்தது.

அவருடைய கார் தானாகக் கிளம்பியது. பிரேக்கை மிதித்தார், நிற்கவில்லை. அவளைக் கடக்கும்போது அவர் கையே இரண்டு முறை விளக்கை மினுக்கியது. திரும்பிப் பார்த்தார்... அங்கே காரும் இல்லை, அவளும் இல்லை.

இன்றும் அவர் வீடு திரும்பும்போது அக்கரையில் அந்தக் கோணல் ஹைபீம் தெரியுமாம். உடனே ஓரங்கட்டி டிம் செய்வாராம். “வாடி, நீ முதல்ல வா, உனக்குப் பதிலா நான் இருக்கேன்” என்று கெஞ்சுவாராம்.

அடுத்த நொடியே... அந்த விளக்கும் டிம் ஆகுமாம்.