மூணாம் ஆண்டில் வைத்த பேர்

பாசிர் கூடாங் போகிற ஃபேக்டரி பஸ்ஸில் காலை ஷிஃப்டுக்காரர்கள் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வர்றது தலைப்பிரட்டைடி.”

காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நான் நிறுத்திவிட்டேன்.

“என்னாது?”

“தமிழ்ப்பள்ளியில என்கூட மூணாம் ஆண்டு படிச்சான். உடம்பு குச்சி, தலை மட்டும் பெருசு. பள்ளிக்குப் பின்னால லொங்காங் சாக்கடைத் தண்ணியில தலைப்பிரட்டை நீந்துறதப் பாத்துட்டு, நாந்தான் அவனுக்கு அந்தப் பேர வச்சேன். ஆறாம் ஆண்டு வரைக்கும் வாத்தியாரே அப்படித்தான் கூப்புட்டாரு.”

“அலமாக். முன்னமே தெரியாதா?”

“அம்மாதான் ஜாதகம் பார்த்தாங்க. நான் ஃபோட்டோவ நேத்துதான் பார்த்தேன். அதே தலை.”

“பேசாம வேணாம்னு சொல்லிரு லா.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவனே மெசேஜ் போட்டுட்டான்.”

“திட்டியிருக்கானா?”

அவள் கைப்பேசியைத் திறந்து மெதுவாக வாசித்தாள்.

“‘வாலு விழுந்து காலு முளைச்சு ரொம்ப வருசமாச்சு. ஞாயித்துக்கிழமை நடந்தே வர்றேன்.’”

தோழி சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டில் தூங்கியவர் கண்ணைத் திறந்து பார்த்தார். ஃபேக்டரி வாசலில் பஸ் நின்றது. எல்லோரும் எழுந்தோம்.

“அப்போ வேணாம்னு சொல்லப் போறதில்லையா?”

“சாயங்காலம் வேலை முடிஞ்சு கூட வர்றியா? பச்சைச் சேலைக்குப் பொருத்தமா வளையல் வாங்கணும்.”