பென்ரி வீட்டுப் பேர்

— போட மாட்டேன் போதகரே. அந்தக் காகிதத்தை மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுக்கங்க. அங்கயாவது அதுக்கு நல்ல சகவாசம் கிடைக்கட்டும்.

— நெஸ்டா, யோசிச்சுப் பாரும்மா. ஒரே ஒரு கையெழுத்து. 'காலஞ்சென்ற என் தம்பி எம்ரிஸ் பென்ரி எழுதிய பாட்டைப் போட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். நாளைக்கு ரெண்டாவது வந்த ஆளுக்குப் பரிசு நாற்காலி போயிடும். கவி விழா நல்லபடியா முடிஞ்சிடும்.

— ஜெயிச்சவனைத் தள்ளிட்டு ரெண்டாவது ஆளுக்கா? இது எந்த ஊர் நியாயம்?

— நியாயம் பேசற நேரமா இது? இந்த வருஷம் நாற்காலி குடுத்ததே குவாரிப் பிரபு. மேடையில நடுநாயகமா உக்காந்திருப்பாரு. எக்காளம் ஊதி, 'மலைக்காகம் என்ற பேரில் எழுதியவர் எழுந்து நிற்கலாம்'னு கூப்பிடுவாங்க. எந்திரிக்க ஆள் இருக்காது. நாற்காலி மேல கறுப்புத் துணியைப் போர்த்துவாங்க. அப்புறம் நடுவர் பாட்டை வாசிப்பாரு. ஸ்டிரைக்கைப் பத்தின பாட்டும்மா அது! பிரபுவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு!

— வாசிக்கட்டுமே. அவருக்கும் காது ரெண்டுதானே.

— யாரு கீழே? போதகரா? அக்கா, ரொட்டியை எடுத்து ஒளிச்சு வை!

— நீ பேசாமப் படு, இத்தெல். இருமலைக் கிளப்பிக்காதே.

— மாடிப் பலகைச் சந்து வழியா எல்லாம் கேக்குதுக்கா. எம்ரிஸ் ஜெயிச்சிட்டானா?

— ஜெயிச்சிட்டான்டா.

— செத்து மூணு மாசம் கழிச்சு! உயிரோட இருந்தப்ப ஒரு வேலையையும் நேரத்துக்கு முடிச்சதில்லே, கழுதை.

— உன் தம்பி எப்படி இருக்கான் நெஸ்டா? டாக்டர் என்ன சொல்றாரு?

— அப்பாவுக்குச் சொன்னதையேதான் சொல்றாரு. கல்லுத் தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வர்ற வழி அதுக்குத் தெரியாதாம்.

— அவனை நினைச்சாவது போடும்மா. மேனேஜர் ஹாலின்ஸ்தான் விழாக் கமிட்டித் தலைவரு. எம்ரிஸ் பேரைப் பாத்ததும் குதிச்சாரு. வீடு குவாரியோட வீடு. குவாரியில வேலை செய்யற ஆம்பளை இந்த வீட்டுல இப்ப ஒருத்தரும் இல்லே. ஏதோ இரக்கப்பட்டு விட்டு வச்சிருக்காங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இந்தக் காகிதம் அவர் மேசைக்கு வரலேன்னா வீட்டைக் காலி பண்ணிடணும்னு சொல்லிட்டாரு. இத்தெலை வச்சுக்கிட்டு எங்க போவே? ஏழை விடுதிக்கா? பாதி வழியிலயே...

— என்னைக் காட்டி என் அக்காவைப் பயமுறுத்தாதீங்க! நான் போற வழிக்கு வண்டி தேவையில்லே!

— இத்தெல், வாயை மூடு! போதகரே, ஒண்ணு கேக்கறேன். ஹாலின்ஸுக்கு நம்ம பாஷையில 'வாங்க'ன்னு சொல்லக்கூடத் தெரியாது. பாட்டோட அர்த்தத்தை யாரு அவருக்குச் சொன்னது?

— ...நான்தான்.

— பூராவுமா?

— கொஞ்சம் மழுப்பித்தான் சொன்னேன். அதுக்கே மனுஷன் மூஞ்சி சிவந்துபோச்சு.

— மழுப்பறதுல உங்களை மிஞ்ச ஆளில்லே. ஸ்டிரைக் நடந்த மூணு வருஷமும் பிரசங்கத்துல மழுப்பினீங்களே. பசியில கிடந்தவங்களுக்குப் பொறுமையைப் பத்தி. பொறுமையை என்ன உப்பு போட்டு வேக வச்சுத் திங்கவா முடியும்?

— எல்லாருக்கும் போதகன் நான். ஸ்டிரைக்ல நின்னவங்களுக்கும், திரும்பி வேலைக்குப் போனவங்களுக்கும்.

— எங்க ஜன்னல்ல இருக்கற அட்டையை நீங்க படிச்சதில்லையா?

— படிச்சிருக்கேன். 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' இன்னும் எடுக்கலையா நீ? ஸ்டிரைக் முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு!

— எதுக்கு எடுக்கணும்? இன்னும் இல்லையே.

— நல்லாச் சொன்னேக்கா!

— உங்க குடும்பமே இப்படித்தான். உங்கப்பா பென்ரி வாங்கின நாற்காலி அஞ்சு. குவாரிச் சாப்பாட்டுக் கொட்டகையில இன்னிக்கும் அவர் வெண்பாவைச் சொல்லாம ஒருத்தனும் டீயைக் குடிக்கறதில்லே. என்ன பிரயோஜனம்? தூசியில போனாரு. உங்கம்மா ஸ்டிரைக்கோட கடைசிப் பனியில போனாங்க. அவங்க பையன் ஓவைன் இருபத்திரண்டு வயசுல ரத்தம் கக்கிச் செத்தான். எம்ரிஸ் மேல பாறை விழுந்துச்சு. இவ்வளவு அறிவும் ஒரு குடும்பத்துல குடுத்த கடவுள் கொஞ்சம் ஆயுளையும்...

— கடவுள் கணக்கைக் கடவுள் பாத்துப்பாரு. எங்கப்பா தூசியில போகலே போதகரே, தூசியை அடக்கத் தண்ணி தெளிக்கறதுக்குக் காசு செலவாகும்னு சொன்ன ஆளால போனாரு. எம்ரிஸ் தலைக்கு மேல பாறை ஆடுதுன்னு ரெண்டு தடவை போய்ச் சொன்னான். 'பாட்டு எழுதறவனுக்குக் கற்பனை ஜாஸ்தி'ன்னு சிரிச்சாங்களாம். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல அவன் ஒரு பாட்டு வச்சுட்டுப் போயிருக்கான். அதையும் நான் பிடுங்கிக் குடுக்கணுமா?

— வீடும்மா! வீடு!

— சுவரும் கூரையும் வீடுன்னா மாட்டுக் கொட்டகையும் வீடுதான். பென்ரி வீடுன்னு ஊர்ல சொல்றது இந்தக் கூரையை இல்லே.

— ரெண்டாவது வந்தவங்களை நினைச்சுப் பாரு. 'குன்றுப்பூ'ங்கற பேர்ல எழுதியிருக்காங்க. அரை மார்க்குலதான் தோத்துது. அந்த ரெண்டுல எதுன்னு நடுவர் ஒரு வாரம் தவிச்சாராம். யாருக்கும் தொந்தரவு இல்லாத பாட்டு. ஏதோ துணி துவைச்சுக் காயப்போடறதைப் பத்தி.

— தொந்தரவு இல்லாத பாட்டா? எழுதினவங்க காதுல விழுந்தா அதைவிடப் பெரிய வசவு வேற இல்லே.

— அக்கா...

— நீ படுடா. போதகரே, எம்ரிஸ் எதை எழுதினாலும் என்கிட்டத்தான் முதல்ல சொல்லுவான். நான் பாத்திரம் கழுவுவேன், அவன் கதவுல சாஞ்சுக்கிட்டுச் சொல்லுவான். சரியில்லேன்னா தட்டை ஓங்கி வைப்பேன், போய் மாத்திட்டு வருவான். இதை மட்டும் சொல்லலே. மூணு மாசமா அவன் கடைசியா என்ன சொன்னான்னு யோசிக்கறேன். 'உருளைக்கிழங்குல உப்பு பத்தலே'ன்னதுதான் ஞாபகம் வருது. அதனால கேக்கறேன். அந்தப் பாட்டைச் சொல்லுங்க.

— கையில பிரதி இல்லையே நெஸ்டா.

— ஹாலின்ஸுக்கு அர்த்தம் சொன்னீங்களே. ஞாபகத்துல இருக்கறதைச் சொல்லுங்க. சொன்னா... கையெழுத்தைப் பத்தி யோசிக்கறேன்.

— நிஜமாவா?

— யோசிக்கறதுக்கு வரியா போட்டிருக்கு? சொல்லுங்க.

— சரி. அந்தக் கடைசிப் பகுதி மட்டும்.

'இரண்டு பனிக்காலம் பசியை உடுத்தார்;
மூன்றாம் பனியில் கவியின் நாற்காலியை எரித்தார்.
மெருகெண்ணெய் மணக்க எழுந்தது புகை.
சாலையில் நின்றேன். கண் எரிந்தது.
ஊதல் காற்றென்று சொல்லிக்கொண்டேன்.
மலையே, உன் நெஞ்சில் எத்தனை பேர்!
கதவருகே வந்தும் தட்டாது போனவன்
கையை மட்டும் மன்னிப்பாயா?'

நெஸ்டா? அழறியா?

— ஐயோ, நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு. இத்தெல், கேட்டியா?

— கேட்டேன்க்கா. ஆனா... எம்ரிஸா இது?

— அதான் எனக்கும். போதகரே, சாலையில நின்னது யாரு?

— பாட்டுல வர்ற ஆளு. கற்பனைதானே.

— அப்பா நாற்காலியை நாங்க எரிச்ச அன்னிக்கு எம்ரிஸ் சாலையில இல்லே. இதோ, இந்த அடுப்பு முன்னாடி முட்டி போட்டு உக்காந்து ரம்பத்தால அறுத்துக்கிட்டு இருந்தான். அம்மாவுக்கு உடம்பு நடுங்குது, வேற விறகு இல்லே. கதவைச் சாத்திக்கிட்டு எல்லாரும் உள்ளேதான் இருந்தோம், அழற சத்தம் தெருவுக்குக் கேக்கக்கூடாதுன்னு. அடுப்படியில இருக்கறவனுக்கு வெளியில போற புகையோட வாசனை எப்படித் தெரியும்?

— யாராவது சொல்லியிருப்பாங்க.

— சொல்லியிருக்கலாம். ஆனா எம்ரிஸ் மன்னிப்புக் கேப்பானா? அந்த வார்த்தை அவன் வாயில நுழையாது. யார்கிட்ட கேக்கணும், எதுக்குக் கேக்கணும்? அவன் எந்தக் கதவைத் தட்டாமப் போனான்? இது கோபத்துல எழுதினது இல்லே போதகரே, வெக்கத்துல எழுதினது. பென்ரி வீட்டுல எல்லா வியாதியும் வந்திருக்கு, அது மட்டும் வந்ததில்லே.

— நேரமாகுது. நான் அப்புறம்...

— உக்காருங்க! பிரதி இல்லேன்னு சொல்லிட்டு ஒரு சொல்லுகூடத் தடுமாறாமச் சொன்னீங்க. பத்து வருஷமா பிரசங்கத்தைக் குனிஞ்சு காகிதத்தைப் பாத்து வாசிக்கற ஆளு நீங்க. போதகரே. என் முகத்தைப் பாருங்க.

— ஒரு வாளி நிலக்கரி.

— என்னது?

— கையில ஒரு வாளி நிலக்கரி இருந்துச்சு. ஸ்டிரைக் சமயத்துல பிரபு எனக்கு மட்டும் வண்டியில அனுப்புவாரு. உங்கம்மாவுக்கு முடியலேன்னு கேள்விப்பட்டு எடுத்துட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன் நெஸ்டா. புகை வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு, எரியறது சாதா விறகு இல்லேன்னு. ஜன்னல்ல அந்த அட்டை. யாரோட நிலக்கரின்னு நீ கேட்டா என்ன சொல்றதுன்னு நின்னேன். வாளியோட திரும்பிப் போயிட்டேன். அடுத்த வாரம் உங்கம்மாவை நான்தான் அடக்கம் பண்ணினேன்.

— அப்ப அந்தப் பாட்டு...

— நான் எழுதினது. வாழ்க்கையில ஒரே தடவை மழுப்பாம எழுதினது. என் பேரை எழுதித்தான் உறையில வச்சு ஒட்டினேன். ஜெயிக்கும்னு நினைக்கலே. போன வாரம் நடுவர் முடிவு வந்துச்சு. விழாச் செயலாளரே நான்தான், உறையெல்லாம் என் அலமாரியிலதான். கோயில் நிக்கற மண்ணு பிரபுவோடது. உறையைப் பிரிச்சு என் பேரை எடுத்துட்டு எம்ரிஸ் பேரை வச்சிட்டேன். செத்தவனை யாரு என்ன பண்ண முடியும்னு...

— செத்தவனை ஒண்ணும் பண்ண முடியாது. அவன் வீட்டுல இருமிக்கிட்டுக் கிடக்கறவனைத் தெருவுல தள்ளலாமே!

— அது எனக்குத் தோணவே இல்லே! சத்தியமா! ஹாலின்ஸ் வீட்டுப் பேச்சை எடுத்தப்புறம் நான் தூங்கலே.

— எங்க வீட்டுல மிஞ்சினதே அந்தப் பேரு ஒண்ணுதான், போதகரே. அப்பா உயிரைக் குடுத்து வாங்கினது. ஓவைனும் எம்ரிஸும் மெருகேத்தினது. அதை மழைக்குப் போர்த்தற கோணிச் சாக்கு மாதிரி எடுத்துத் தலையில போட்டுக்கிட்டீங்க. சாக்கு நனைஞ்சா உங்களுக்கென்ன!

— அக்கா, அந்த ஆளு முதுகுல ரெண்டு வை! என்னால எந்திரிக்க முடியலே!

— அடிச்சாலும் வாங்கிக்கறேன் இத்தெல். ஆனா பாரு நெஸ்டா, இப்ப எல்லாம் சுலபமாயிடுச்சு. நீ கையெழுத்தே போட வேண்டாம். பாட்டு என்னோடதுதானே, நானே எடுத்துக்கறேன். பேர் தப்பா வந்துடுச்சு, எழுதினவர் விலகிட்டாருன்னு ஹாலின்ஸ்கிட்ட சொல்லிடறேன். யாருன்னு கேக்கக்கூட மாட்டாரு, பாட்டு ஒழிஞ்சா அவருக்குப் போதும்.

— எம்ரிஸ் பேரை எடுத்துருவீங்க. சரி. அதுக்கப்புறம்?

— அப்புறம் என்ன? உனக்கு வீடு நிக்கும். எனக்குக் கோயில் நிக்கும்.

— அந்தப் பாட்டு?

— அடுப்புல போட்டுடறேன்.

— நாங்க நாற்காலியை எரிச்சோம், குளிருக்கு. நீங்க பாட்டை எரிக்கப் போறீங்க, பயத்துக்கு. அப்பா இருந்திருந்தா உங்களை வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டாரு. போதகரே, நல்லாக் கேட்டுக்கங்க. நாளைக்கு எக்காளம் ஊதறப்ப நீங்க எந்திரிச்சு நிக்கணும். உங்க பேர்ல. பிரபு கண்ணுக்கு முன்னாடி. அப்ப எங்க வீட்டு மேல கை வைக்க ஹாலின்ஸுக்கு ஒரு காரணமும் இருக்காது.

— என்னைத் துரத்திடுவாங்க நெஸ்டா! கோயிலைப் பூட்டிடுவாங்க! எனக்கு வேற என்ன தெரியும்?

— மழுப்பாம எழுதத் தெரியுமே. இப்பத்தானே கேட்டேன். கோயிலைப் பூட்டினா குவாரிக் கொட்டகையில பிரசங்கம் பண்ணுங்க. நானே முதல் பெஞ்சுல வந்து உக்காருவேன்.

— நான் வந்தா தூக்கிட்டு வரணும். பரவாயில்லே, வர்றேன்!

— உனக்கு என்ன பிடிவாதம் இது? பாட்டு உன் தம்பியோடது இல்லேன்னு ஆயிடுச்சு. நான் விலகினா யாருக்கு நஷ்டம், சொல்லு! அந்தக் குன்றுப்பூ யாரோ என்னவோ, பாவம், நாற்காலி கிடைச்ச சந்தோஷத்துல வீட்டுக்குப் போகட்டுமே!

— அவ சந்தோஷப்பட மாட்டா.

— உனக்கெப்படித் தெரியும்? அந்த உறையை நானே இன்னும் பிரிக்கலே.

— சொல்லிடுக்கா. எத்தனை நாளைக்கு என்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டு இருப்பே?

— பிரிக்கவே வேண்டாம் போதகரே, உள்ள என் பேருதான் இருக்கு: என்னைத் தோக்கடிச்ச ஆளு நாளைக்கு எந்திரிச்சு நிக்கறதை நான் பாக்கணும்.