கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்து வரும் குழந்தையைப் பார்த்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அப்புறம்தான் கூட வந்தவளைப் பார்ப்பேன். அவள் செருப்பு சரியாகவே இருக்கும்.

வாயால் சொன்னால் நீங்கள் நடுநடுவே கேள்வி கேட்கிறீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகிறது. அதனால்தான் தாள் கேட்டேன். கொடுத்ததற்கு நன்றி. இனி ஒழுங்காகச் சொல்லிவிடுவேன்.

எங்கள் கடையை நீங்கள் பார்த்தீர்கள். மூன்று மாடி. தரைத்தளம் முழுக்கக் குழந்தைகள் துணி. வாசலை ஒட்டினாற்போல் இருக்கும் மேசை என்னுடையது. அதன்மேல் ஒரு மைக், ஒரு பிஸ்கட் டப்பா, எதிரே சுவர்க் கடிகாரம். கூட்டத்தில் தொலைந்த குழந்தையை என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். தொலைத்தவர்களும் என்னிடம்தான் வருவார்கள். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. கடையில் யாருக்கும் என் பெயர் தெரியாது, எல்லோருக்கும் நான் மைக்கம்மா.

தொலைத்தவர்கள் நிரப்பித் தரும் அந்தப் படிவம் என் யோசனை. நான் வருவதற்குமுன் யார் வந்து “என் பிள்ளை” என்றாலும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். முட்டாள்தனம் இல்லையா? நான் நான்கு கேள்வி வைத்தேன். பெயர், உடையின் நிறம், காலில் என்ன போட்டிருக்கிறது, கடைசியாக எப்போது பார்த்தீர்கள். நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் மைக்கைத் தொடுவேன். மேலாளர் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

நான்காவது கேள்விக்கு என்ன எழுதுவார்கள் தெரியுமா? “இப்பதான்.” எல்லோரும் அதையேதான் எழுதுவார்கள். குழந்தை என் பின்னால் உட்கார்ந்து ஐந்தாவது பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கும், அப்பா வந்து இப்பதான் பார்த்தேன் என்பார். காலில் என்ன என்று கேட்டால் விழிப்பார். பெற்ற பிள்ளையின் காலில் ஷூவா செருப்பா என்று தெரியாது, அன்று வாங்கிய சட்டையின் அளவு மட்டும் சரியாகத் தெரியும். அந்தப் பொய்களை வருஷக்கணக்காக வாங்கி அடுக்கிவைத்தவள் நான். அப்புறம் எனக்கு எப்படி நம்பிக்கை இருக்கும்?

அடிக்கிறவர்களைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் நினைப்பதில்லை. அது வெளியே தெரிந்துவிடுகிறது. “இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்கோ” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்களே, அவர்களை நான் மறக்கமாட்டேன். அதைவிட மோசம் கூட்டத்துக்கு நடுவே கொஞ்சுகிறவர்கள். யாராவது பார்த்தால் முத்தம், பார்க்காவிட்டால் கையைப் பிடித்து ஓர் இழுப்பு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம். ஒரு முத்தம் நிஜமா நடிப்பா என்று தூரத்திலிருந்தே என்னால் சொல்லிவிட முடியும்.

என் மகள் ஒருநாளும் தொலைந்ததில்லை. ஒன்பது வயதுவரை வெளியே போனால் அவள் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் ஒரு துணி நாடாவால் கட்டிக்கொள்வேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள். வேலை அதிகம், போனை எடுக்க நேரம் கிடைப்பதில்லை.

முதல் தடவை நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு அப்பா வந்தார். மகன் காணாமல் போய் இருபது நிமிடம். வந்தவர் சிரித்துக்கொண்டே, “நம்ம பய இங்க வந்தானா? அவனுக்கு இதே வேலைதான்” என்றார். பையன் உள்ளறையில் இருந்தான். எனக்கு என்ன தோன்றியதோ, “இன்னும் யாரும் கொண்டுவரலையே சார்” என்றேன். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதை நான் நிதானமாகப் பார்த்தேன். நான்காவது நிமிடம் அந்த ஆள் தரையில் உட்கார்ந்து அழுதார். அப்புறம்தான் பையனைக் கூட்டிவந்து கொடுத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த மாதம் அதே ஆள் கடைக்கு வந்தபோது பையனின் கையை விடவே இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு ருசியாக இறங்கியது.

இவ்வளவு நல்ல பலன் இருக்கிற காரியத்தை, குழந்தைகள் தானாகத் தொலையும்வரை காத்திருந்துதான் செய்யவேண்டுமா என்று யோசித்தேன்.

நான் யாரையும் தூக்கிப் போகவில்லை. நாளிதழில் அப்படி எழுதினால் நீங்கள்தான் திருத்தவேண்டும். கையை நீட்டுவேன், அவ்வளவுதான். அடையாள அட்டை போட்டிருக்கிறேன், தலை நரைத்திருக்கிறது, குழந்தைகள் வந்துவிடும். முன்பின் தெரியாதவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை பேசாமல் வருகிறதென்றால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதானே அர்த்தம்? என் மேசைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த தலையணை, போர்வை, பஞ்சு மெத்தை எல்லாம் அங்கேதான் குவிந்துகிடக்கும். அங்கே உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஒன்பது குழந்தைகள். ஒன்பதும் முழுசாக வீட்டுக்குப் போயின. ஒன்பது வீட்டாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்கு அந்த ஆசைகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு வருகிறேன்.

அவள் உள்ளே நுழையும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வயதிருக்கும். தோளில் பெரிய பை, காதில் போன். பக்கத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை. இரண்டு காலிலும் வேறு வேறு காலுறை, ஒன்று பச்சை, ஒன்றில் வாத்துப் படம். குழந்தை பின்தங்கிப் பின்தங்கி நடந்தது. அம்மா போனில், “அதான் சொல்றேன்ல, ராத்திரியெல்லாம் தூங்கவே விடல” என்று யாரிடமோ சொன்னாள். பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் புகார். எனக்கு அது போதும்.

அப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். குழந்தை இருமியது. அம்மா போனை வைத்துவிட்டு அதைத் துணி ரேக்குகளுக்கு நடுவே இழுத்துப் போனாள். யாரும் பார்க்காத இடம் என்று நினைத்திருப்பாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள். அதன் முனையில் கிண்ணம் மாதிரி ஒன்று. அதைக் குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடி அழுத்தினாள். குழந்தை தலையைத் திருப்பப் பார்த்தது. அவள் பின்தலையைப் பிடித்துக்கொண்டு, “பத்து வரைக்கும் எண்ணு, ஆட்டாத, எண்ணு” என்றாள். முடிந்ததும் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தாள். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

இந்தக் காலத்தில் அந்தக் குழாய் என்னவென்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியாது என்று சொன்னேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் ஒரு கவுனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கைகளும் கவுனில் இருந்தன. நான் மேசையைவிட்டு எழுந்து போய் என் கையை நீட்டினேன். குழந்தை என் அட்டையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, விரலைப் பிடித்துக்கொண்டது. சூடான சின்னக் கை. அறையில் ஒரு மெத்தைமேல் உட்காரவைத்தேன். தூசி கொஞ்சம் எழும்பியது. பிஸ்கட் கொடுத்தேன், வேண்டாம் என்றது. கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நான் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் வந்து நின்றாள். ரொம்ப வேகம். இவ்வளவு சீக்கிரம் வந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“என் பொண்ணக் காணோம்மா. மைக்ல சொல்லுங்க.”

“இந்தப் படிவத்த நிரப்புங்க.”

“அப்புறம் நிரப்பறேன், முதல்ல சொல்லுங்கம்மா. அவளுக்கு மூச்சு...”

“எல்லாரும் அவசரமாத்தான் வர்றாங்க. நிரப்புங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். பெயரை எழுதினாள், உடையின் நிறத்தை எழுதினாள். காலில் என்ன என்ற இடத்தில், பச்சை ஒன்று, வாத்து ஒன்று, இடது காலில் வாத்து என்று எழுதினாள். அது சரிதான். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதற்கு வாயால் சொன்னாள், “இப்பதாம்மா. கைய விட்டு ஒரு நிமிஷம்கூட ஆகல.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சரியா யோசிச்சு எழுதுங்க.”

அவள் பேனாவைப் போட்டுவிட்டு ரேக்குகளுக்கு நடுவே ஓடினாள். “பட்டு, பட்டு” என்று கூப்பிட்டாள். காவலாளி பதறிப்போய் என்னிடம் வந்து, “மைக்கம்மா, பாவம், சும்மா ஒரு தடவ சொல்லிருங்களேன்” என்றார். கையெழுத்து இல்லாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் போய் அவளைத் திருப்பிக் கூட்டிவந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். தேதி போடவில்லை, போடச் சொன்னேன். எட்டாவது நிமிடம் மைக்கை எடுத்து, நான்கு வயதுப் பெண் குழந்தை, இடது காலில் வாத்துப் படம் போட்ட காலுறை என்று அறிவித்தேன். என் குரல் நடுங்காது, அதற்காகத்தான் என்னை இந்த வேலைக்கு எடுத்தார்கள்.

பதினோராவது நிமிடம் கதவைத் திறந்தேன். குழந்தை கதவை ஒட்டித் தரையில் கிடந்தது. உதடு நீலமாக இருந்தது. என் தோளுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா உள்ளே பாய்ந்தாள். பையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். அந்தக் குழாயை எடுத்து முகத்தில் வைத்து, “எண்ணு தங்கம், எண்ணு” என்றாள். அவளே பத்து வரை எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவள் கையைப் பிரிக்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தாள். குழந்தை இறந்துவிட்டது என்று மாலையில் நீங்கள்தான் வந்து சொன்னீர்கள்.

குழந்தைக்கு நோய் இருப்பது எனக்குத் தெரியாது என்று நேற்று சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். கதவைச் சாத்தும்போது குழந்தை என் புடவையைப் பிடித்தது. “ஆன்ட்டி, எனக்கு மூச்சு வரல. அம்மா பையில குழா இருக்கு” என்றது. தெளிவாகச் சொன்னது, எனக்கு நன்றாகவே கேட்டது. இப்படிச் சொல்லு என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். “அம்மா வரட்டும், பாக்கலாம்” என்று சொல்லிப் புடவையை அதன் விரல்களிலிருந்து எடுத்துவிட்டேன்.

அம்மா இரண்டாவது நிமிடமே வந்தாள். மீதி ஒன்பது நிமிடமும் நான் எடுத்துக்கொண்டது. நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் நீங்களும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். ஒரு கவுனுக்காகப் பெற்ற பிள்ளையின் கையை விட்டவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் இங்கே உட்காரவைத்திருக்கிறீர்களே, அது எப்படி?