ரெண்டு தட்டினால் போகலாம்

அரிக்கேன் திரியைத் தூண்ட வேண்டாம், இருக்கிற வெளிச்சம் போதும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

நம் அமிர்தராஜின் மச்சான், ஜீப் டிரைவர் கிளமென்டுக்கு நடந்தது இது. எழுபத்தேழாம் வருஷம், ஐப்பசிக் கடைசி. ராத்திரி ஒன்றரை மணி. மருங்காபுரிப் பக்கம் அடைமழை. தார் ரோட்டுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரே வழி, புறம்போக்குக் கரட்டில் ஏறி இறங்கும் ஜீப் தடம். பாறையும் பள்ளமும்... பகலிலேயே ஊர்ந்துதான் ஏற வேண்டும். ஜீப்பின் பின்னால் கோரைப்பாயில் அவன் மனைவி ரோசரி. தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது. விடிவதற்குள் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

கூட வருகிற கிளீனர் பிச்சைக்கு அன்றைக்குப் பார்த்து நல்ல காய்ச்சல். அவன் இல்லாமல் கிளமென்ட் அந்தத் தடத்தில் ஏறியதே கிடையாது. மேட்டில் வண்டி பின்வாங்கினால் "கல்லு போடு!" என்று இவன் கத்துவான். பிச்சை குதித்து டயருக்குக் கல் கொடுப்பான். "ஏறிட்டியா?" என்பான் இவன். பின்பலகையில் ரெண்டு தட்டு கேட்டால் போகலாம். ஒரே தட்டு என்றால் நிறுத்த வேண்டும். பத்து வருஷப் பழக்கம்.

மூன்றாவது மேடு. சேற்றில் டயர் வழுக்கி, வண்டி பின்னால் சரிந்தது. இடப்பக்கம் கிடுகிடு பாதாளம். ரோசரி "மாதாவே!" என்று அலறினாள். கிளமென்டின் வாய் தன்னால் கத்திவிட்டது.

"கல்லு போடு!"

கரக்... டயருக்கடியில் கல் உரசியது. வண்டி நின்றது.

அப்பாடா என்று கியர் போட்டான். பாழாய்ப்போன பழக்கம் விடுமா? "ஏறிட்டியா?" என்றும் கேட்டுத் தொலைத்தான்.

டொக்... டொக்.

அப்புறம்தான் பிச்சை வரவில்லை என்பது உறைத்தது. ஜீப்பின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. புதுசாய்த் தோண்டிய குழியின் மண்வாடை குப்பென்று அடித்தது.

"ஏங்க..." என்றாள் ரோசரி. "யாருங்க ஏறினது? என் வயித்து மேல கை வைக்குது... ஜில்லுன்னு இருக்குங்க."

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "கண்ண மூடிக்க ரோசரி. ஜெபமாலை சொல்லு" என்றான். அழுதுகொண்டே ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால், பின்னால் ரோசரி மட்டும்தான். பாயின் ஓரமெல்லாம் செம்மண். விட்டது சனியன் என்று அவனுக்கு மூச்சு வந்தது.

அஞ்சேகால் மணி. பிரசவ அறைக்குள் குழந்தை வீறிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஆம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கிளமென்ட் அப்படியே தரையில் முழந்தாளிட்டான். பிள்ளை விடாமல் அழுதான். நல்ல தொண்டை.

அப்போது அந்தக் கதவில், உள்பக்கமிருந்து...

டொக்.

இன்னும் ஒன்று, மாதாவே, இன்னும் ஒன்று... என்று அவன் காத்திருந்தான்.

உள்ளே அழுகை நின்றுவிட்டது.