கொண்ட்வேயின் டிஸ்க்

சாயங்காலம் ஆறரை. ம்சூசு டவுனிலிருந்து ஏரிக்கரை ஊரான உசிசியாவுக்கு இறங்குகிற மலைச்சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது... முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. சேற்றில் வழுக்கி வழுக்கி ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அதன்மேல் கோமெஸ்கா.

உங்களுக்கு அவனைத் தெரியாது. தெரியாதவரை நிம்மதி. என் சிநேகிதன் வெசியின் தங்கை தெம்வாவைக் கட்டியவன். ம்சூசு பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை. லினக்ஸையே அவன்தான் பெற்று வளர்த்ததுபோலப் பேச்சு. பழுது என்று யாராவது வந்தால், கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன் அந்த ஆளை மேலும் கீழும் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கே அறையலாம்.

அன்று அவனைக் கூப்பிட்டது ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. யாருக்கு எந்த மாத்திரை என்பதெல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள். அதை அப்டேட் செய்தபோது பூட்லோடர் பேக்கேஜ் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பூட்லோடர் என்றால்... பொத்தானை அமுக்கியதும் முதலில் தான் விழித்து, மற்றதையெல்லாம் தட்டி எழுப்புகிற சின்ன நிரல். அது இல்லையென்றால் கம்ப்யூட்டர் வெறும் டப்பா. விடிந்தால் காசநோய்க்காரர்கள் வருகிற நாள் வேறு.

கோமெஸ்கா உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"யாரு சிஸ்டர் இதை ஏத்தி வச்சது? ஆடு மேய்ச்சவனா?"

"கொண்ட்வே," என்றார் சிஸ்டர் லுசுங்கு. "போன வருஷம் படகு கவுந்து செத்துட்டாரு. உடம்பு கிடைக்கல."

"வேலை தெரிஞ்சிருந்தா டவுன்ல கடை போட்டிருப்பான். இங்க கெடந்து ஏன் சாகணும்?"



பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, உள்ளே போய், பேக்கேஜை மறுபடி ஏற்றிப் பார்த்தான். பிழை. எழுத வேண்டிய டிஸ்க்கைக் காணோம் என்றது. இது ஒன்றும் அதிசயமில்லை. டிஸ்க்கை மாற்றிய பிறகும் பேக்கேஜ் பழைய டிஸ்க்கின் பெயரையே பிடித்துக்கொண்டு தேடும். புதியதைக் காட்டிக்கொடுத்தால் போதும்.

காட்டினான். மறுபடியும் பிழை. இந்தத் தடவை திரையில் இரண்டு டிஸ்க் இருந்தன. பழையதன்மேல் தேர்வுக் குறி.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரே ஒரு டிஸ்க்.

பெட்டிக்குள் இல்லாதது திரையில் வரக் கூடாது. வந்திருந்தது.

"பழைய டிஸ்க் எங்க சிஸ்டர்?"

"அதுவா... பழுதாயிடுச்சு. அதுல கெடந்த போட்டோவையாச்சும் மீட்டுட்டு வரேன்னு சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் படகு ஏறினாரு."

அறையில் ஒரு வாசனை வந்தது. பாசி... ஏரித் தண்ணீர்... அழுகின உசிபா மீன். சிஸ்டர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வாசனை போகவில்லை. கூடிற்று.

கோமெஸ்கா பழையதன் குறியை எடுத்தான். அது திரும்ப விழுந்தது. எடுத்தான்... விழுந்தது.

மூளை இருக்கிறவன் அங்கேயே நிறுத்தியிருப்பான்.

"வேணாம் தம்பி," என்றார் சிஸ்டர். "எழுந்திரு. மாத்திரை விவரத்தை நான் பெரியாஸ்பத்திரியில கேட்டு வாங்கிக்கறேன்."

"செத்தவனுக்கும் ஒரு பூட்லோடர் வேணுமாம் சிஸ்டர். பிச்சையா போட்டுட்டுப் போறேன்." திரையைப் பார்த்துச் சிரித்தான், கடையில் சிரிக்கிற அதே சிரிப்பு. "எடுத்துக்கடா."

இரண்டுக்கும் குறி வைத்து அமுக்கினான்.

திரை அப்படியே நின்றது... ரொம்ப நேரம்... பிறகு ஒரு வரி. நிறுவல் முடிந்தது, பிழை எதுவும் இல்லை. சற்றுப் பொறுத்து, அதே வரி இன்னொரு தடவை.

கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது. மறுநாள் வந்தவர்களுக்கெல்லாம் சரியான மாத்திரை கிடைத்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

அதே ராத்திரியே அவன் மலை ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழையோ சாயங்காலமே விட்டிருந்தது. தெம்வா வைத்த சீமாக் களியைத் தொடாமல், ஒரு வார்த்தை பேசாமல் படுத்தான். அந்த மாதிரி ஆள் பேசாமல் இருப்பது வீட்டுக்கே விடுதலை என்றுதான் வெசி நினைத்தான்.

ஆனால் ஒரு வாரத்தில் தெம்வா துணிமணியோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். அடித்தானா என்று கேட்டான் வெசி. இல்லையாம். திட்டினானா? அதுவும் இல்லையாம். முன்னைவிடப் பதவிசாக இருக்கிறானாம்.

"அப்புறம் என்னடி?"

காலையில் அவன் எழுந்திருக்கிறதைப் பக்கத்தில் படுத்துப் பார்க்க முடியவில்லை என்றாள். பிணம் மாதிரி கிடப்பானாம். முதலில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, கம்ப்யூட்டர் டிஸ்க் மாதிரி, கிர்ரென்று சுழல ஆரம்பிக்குமாம். அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாக அசையுமாம். அப்புறம் கண் திறக்குமாம்.

மூச்சு அதற்கப்புறம்தான் வருமாம்.