ஒன்பதை இருபத்தொன்றாகத் திருத்திய அம்மையாருக்கு

முதலிபாளையம் கால்நடை மருந்து ஆய்வகத்தின் திசு ஆய்வுப் பிரிவை முப்பத்தோர் ஆண்டுகள் முன்னின்று தாங்கி, இன்று பணி நிறைவு காணும் பகுப்பாய்வாளர் திருமதி அமராவதி சண்முகவேல் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார வாசித்தளிக்கும் மடல்.

செம்மை சிதையாத சிந்தையரே! எண்ணில் எள்ளளவும் வழுவாத எங்கள் அம்மையீர்!

ஊசி வழி ஏறிய மருந்து உதிரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஈரலில் எவ்வளவு இறங்கும், சிறுநீரகத்தில் எவ்வளவு தங்கும், கொழுப்பில் எத்தனை நாள் பதுங்கும் என்று ஆட்டுக்கு ஆடு, உறுப்புக்கு உறுப்பு அளந்து சொன்னவர் தாங்கள். புதிதாய் வந்த எங்களுக்கு, "சாயத் தொட்டி ஒன்னுதானுங்க, ஆனா காட்டன் குடிக்கற அளவு பாலியஸ்டர் குடிக்காதுங்க" என்றீர்கள். திருப்பூர்க்காரருக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை. ஊசி போடுமுன் ஆட்டின் காதருகே "பொறுத்துக்க கண்ணு" என்று சொல்லாமல் ஒருநாளும் தொடங்கியதில்லை. தங்கள் கோபமும் சாதாரணமன்று; தராசின் அருகே அரட்டையடித்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இவ்வரங்கில் பலர் இருக்கிறார்கள்.

ஆயினும் இம்மடல் பிறந்தது ஒரு நாளின் பொருட்டு. எட்டாண்டுகளுக்கு முன், ஆடுகளுக்கான குடற்புழு ஊசிமருந்து ஒன்றை ஆய்ந்து முடித்திருந்தோம். ஊசி போட்டு ஒன்பது நாள் கழிந்தால் கறியில் மருந்து இராது என்ற அறிக்கை, மறுநாள் மருந்து நிறுவனத்துக்குப் போகவிருந்தது. அப்போது தங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. எடை போடுமுன் திசுவில் ஒட்டிய இரத்தத்தை ஒற்றியெடுக்க நாம் பயன்படுத்தியது, மூட்டை மூட்டையாய் மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் என்னும் வெட்டுத் துணி. அருள்புரத்திலிருந்து அதை வாங்கிவந்து பழக்கியவரும் தாங்களே. ஒற்றிய துணியை அலசிச் சோதித்தீர்கள். கொழுப்பில் கரையும் அம்மருந்து, திசுவின் கொழுப்போடு துணிக்குப் போயிருந்தது. நாம் அளந்தது மிச்சத்தை மட்டுமே.

இயக்குநர் தரணீதரன் அவர்கள் முன் சென்று, "தப்பு என்னுதுங்க. துணி நான் கொண்டாந்ததுங்க. இந்த அறிக்கைல கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றீர்கள். உறைபெட்டியில் துடைக்காமல் வைத்திருந்த மறுபாதித் திசுக்களை எடுத்து, கொழுப்பு ஒட்டாதபடி வடிதாளால் மெல்ல ஒற்றி, இன்னோர் ஆட்டைப் பலியிடாமல் ஐந்தே வாரத்தில் அனைத்தையும் மீண்டும் அளந்தீர்கள். வந்த விடை இருபத்தொரு நாள். இன்று அம்மருந்துக் குப்பியின் மேல் அச்சாகியிருப்பது அந்த எண்ணே. கறி வாங்கி உண்ணும் எத்தனையோ வீடுகள் தங்கள் பெயரை அறியா; நாங்கள் அறிவோம், அறிந்து நெஞ்சு நிமிர்கிறோம். அவ்வாண்டு தங்களுக்கு வரவேண்டிய பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. மறுநாளும் தாங்கள் வழக்கம்போல் தராசின் முன் வந்து நின்றீர்கள்.

இவ்வளவையும் பெருமையாய் வாசித்துவிட்டு ஒன்றை மட்டும் விழுங்கினால், தங்கள் அருகே நிற்க எங்களுக்கு அருகதை இல்லை. தாங்கள் இயக்குநரிடம் போகுமுன், தேநீர் வேளையில் தங்களைச் சூழ்ந்துகொண்டு, "விட்ருங்கக்கா, ஆருக்குத் தெரியப் போவுது" என்றவர்கள் நாங்கள்தாம். எங்களை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. திருத்திய அறிக்கையில் எங்கள் பெயர்களையும் தங்கள் கையாலேயே எழுதிச் சேர்த்தீர்கள். தங்கள் கணவரும் மக்களும் கேட்க, அதை இன்று சொல்லிவிட்டோம்.

நோயின்றி, நோவின்றி, கணியூரில் தாங்கள் கட்டிய வீட்டில் கால் நீட்டி அமர்ந்து, நீடூழி வாழ வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
அன்று வாயை மூடிக்கொள்ளச் சொன்ன மூவர்:
ராசப்பன், யாழினி, நித்தீஷ்